பெர்மிட் விற்கும் சரக்கா?

வியாபாரிகளாகிய நமக்கு எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று புதிதாக யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அளவில் குறைக்கக்கூடாது, சரக்கின் பழுதை மறைக்கக்கூடாது, நமக்குச் சொந்தமில்லாததை விற்கக்கூடாது என்று மதறஸாவில் ஓதிய நாளிலேயே கற்றிருக்கிறோம். அரிசி மூட்டையிலும் துணிக்கட்டிலும் இவற்றைக் கவனமாகக் கடைப்பிடிக்கும் நம்மில் பலர் ஒரு விஷயத்தில் மட்டும் மறந்துபோகிறோம். ஊரிலிருந்து வேலைக்கு ஆள் அழைக்கும் விஷயந்தான் அது. அதைக் குறித்து நம் சகோதர வியாபாரிகளிடம் சற்று மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வந்து இறங்குவார். ஊரார் கடையைத் தேடிப் போவார். கடையிலேயே படுத்துக் கடையிலேயே தொழில் பழகுவார். 1953 ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தபின் அந்தக் கதவு குறுகிவிட்டது. உறவைப் பார்த்து ஆள் வந்த காலம் போய், காகிதத்தைப் பார்த்து ஆள் வரும் காலம் வந்தது. காகிதம் வந்ததும், அதன் விவரம் தெரிந்தவர் என்றும் தெரியாதவர் என்றும் மனிதர் இரண்டு வகையாகப் பிரிந்துவிட்டார்கள். இக்கரையில் கடை வைத்திருக்கும் நாம் தெரிந்தவர்கள். அக்கரையில் பாஸ்போர்ட்டுடன் காத்திருக்கும் பையன் தெரியாதவன். தெரிந்தவன் தெரியாதவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான்? இதுதான் நம் கேள்வி.

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் நாமே செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். 2014-ஆம் வருஷம் நம் ஊர்ப் பையன் ஒருவர் போனில் அழைத்தார். தகப்பன் இல்லாத குடும்பம். கலியாணத்துக்கு இரண்டு தங்கைகள். ஏஜண்டு ஒருவர் கட்டுமான வேலைக்குப் பெர்மிட் எடுத்துத் தருவதாகவும், ஒரு வருஷம் மட்டும் கட்டட வேலையில் நின்றால் போதும், பிறகு ஏதேனும் ஒரு கடைக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் அவரிடம் சொல்லியிருந்தார். கேட்ட தொகை மூன்று லட்ச ரூபாய். “அப்படி மாற முடியுமா மாமா? நீங்கள் சரி என்றால் சரிதான்” என்றார் பையன்.

முடியாது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஏஜண்டு நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தவர். அவர் பிழைப்பில் நாம் ஏன் குறுக்கே விழவேண்டும் என்று எண்ணினோம். “இன்ஷா அல்லாஹ், எல்லாம் நல்லபடியாக நடக்கும் தம்பி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டோம். நாளை நடக்கப்போவது நம் கையில் இல்லை என்பதற்காகச் சொல்லும் வார்த்தை அது. இன்று தெரிந்த ஒன்றை மறைப்பதற்கு நாம் அதைத் திரையாக்கினோம்.

உம்மாவின் நகையை அடகு வைத்து அவர் வந்தார். நாள் சம்பளம் 18 வெள்ளி. கடன் தீர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கடைக்கு வந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு நாள், “வருஷம் முடிந்துவிட்டதே மாமா, இங்கே ஏதாவது வேலை போட்டுத் தாருங்கள்” என்றார். சட்டம் இடம் தராது என்று அன்றுதான் சொன்னோம். “இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாது” என்றோம். மௌனமாகத் தொடங்கிய தவறு பொய்யாக முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். சிங்கப்பூரில் இந்திய நாட்டவர் வொர்க் பெர்மிட்டில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு வரலாம். கடை, உணவகம் முதலிய சேவைத் துறைக்கு அந்தப் பெர்மிட் பொதுவாகக் கிடையாது. 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகச் சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் வழி திறந்தார்கள். அதற்கும் மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் கொடுக்கவேண்டும். எந்த முதலாளிக்கு, எந்த வேலைக்கு என்று பெர்மிட் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையைத்தான் செய்யலாம். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களில் குறைந்த சம்பளம் 3,300 வெள்ளி. வயது கூடினால் அதுவும் கூடும். சேவைத் துறையில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் எஸ் பாஸில் இருக்கலாம் என்பதால், நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு அது எட்டாது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி. அது படித்து உயர்ந்த உத்தியோகத்துக்கு வருகிறவர்களுக்கானது. சுற்றிப் பார்க்க வரும் அனுமதியில் ஒரு நாள்கூட வேலை செய்யக்கூடாது.

இவ்வளவும் பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிந்தவை. ஊரில் ஒருவன் கேட்கும்போது இவற்றைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். ஏன் சொல்வதில்லை? நண்பர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள்: “வரவேண்டாம் என்று சொன்னால், தான் மட்டும் பிழைத்துக்கொண்டு எங்கள் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தான் என்று ஊரில் ஏசுவார்கள்.” இது உண்மைதான், நாமும் இந்த ஏச்சை வாங்கியிருக்கிறோம். ஆனால் வரவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதோடு நம் வேலை முடிந்தது. மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது என்று சொன்னபிறகும் ஒருவன் தன் தேவைக்கு வாங்கிப்போனால், அது அவனுடைய தீர்மானம். சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் அது நம்முடைய மோசடி.

மற்றொன்று இதைவிடக் கடுமையானது. வேலை கொடுப்பதற்கென்று அந்த ஆளிடமே பணம் வாங்குகிற வழக்கம் நம்மிடையே சிலரிடம் இருக்கிறது. சிலர் பெர்மிட்டுக்கு விலை பேசுகிறார்கள். சிலர் சர்க்காருக்குக் கட்டும் லெவியை ஆளின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இன்னும் சிலர் காகிதத்தில் 3,300 என்று எழுதிவிட்டு, மாதாமாதம் ஆயிரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். சட்டப்படி லெவி முதலாளியின் பொறுப்பு. வேலைக்கு வைப்பதற்காக ஆளிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. உரிமம் பெற்ற ஏஜண்டுகூட ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளந்தான் ஆளிடம் வாங்கலாம்.

“அவன் மனமொப்பித்தானே கொடுக்கிறான், பேரம் பேசி ஒப்புக்கொண்டால் வியாபாரந்தானே?” என்று கேட்பார்கள். வியாபாரமென்றால் சரக்கு விற்பவனுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். பெர்மிட் சர்க்கார் கொடுப்பது. நம் பேரில் விண்ணப்பம் போனதால் அது நம் சொத்தாகிவிடாது. அவனிடம் நாம் வாங்குவது அவனுடைய எதிர்கால உழைப்பின் ஒரு பங்கை, அவன் கைக்கு வருமுன்பே. வேறு வழி தெரியாமல் நகையை அடகு வைத்துக் கொடுப்பவனின் சம்மதத்தை மனமொப்பிய சம்மதம் என்று சொல்ல நம் மனம் துணிகிறதா? அப்படிச் சேர்ந்த பணத்தைக் கல்லாவில் போட்டால், பாடுபட்டுச் சேர்த்த ஹலாலான பணமும் அதோடு கலந்துபோகுமே என்ற அச்சம் வேண்டாமா?

சென்ற நோன்பு மாதத்தில் ஒரு நாள் அந்தப் பையனை, இப்போது அவர் பையனல்லர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், வீட்டுக்கு நோன்பு திறக்க அழைத்தோம். அன்று தெரிந்தும் சொல்லவில்லை, பிறகு பொய்யும் சொன்னோம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சொல்லியிருந்தாலும் ஒருவேளை வந்திருப்பேன் மாமா. வீட்டு நிலைமை அப்படி. ஆனால் தெரிந்து வந்திருப்பேன்” என்றார்.

நம் கேள்விக்குப் பதில் அவர் சொன்னதுதான். வருவதும் வராமலிருப்பதும் அவனவன் தீர்மானம். தெரிந்து தீர்மானிக்கும் உரிமையை அவனிடமிருந்து பறிக்க நமக்கு அதிகாரமில்லை. நம்மை நம்பிக் கேட்ட கேள்வி, நம் கையில் கொடுத்துவைத்த அமானத்தைப் போன்றது.

ஆகவே சகோதரர்களே, இனி ஊரிலிருந்து யாராவது கேட்டால் நான்கு விஷயங்களை விசாரிக்கச் சொல்லுவோம். பெர்மிட்டா பாஸா, எந்தத் துறைக்கு? பாஸில் எழுதிய வேலையும் வாயால் சொன்ன வேலையும் ஒன்றா? கையில் கிடைக்கும் சம்பளம் என்ன, பிடித்தம் என்ன? யாருக்கு எவ்வளவு பணம், எந்த ரசீதுக்கு? மனிதவள அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதத்தில் வேலையும் சம்பளமும் எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நகையை அடகு வைக்காதே என்று சொல்லுவோம். கடிதத்தை நமக்கு அனுப்பினால் படித்து, நல்லதும் கெட்டதும் விளக்குவோம். அதனால் ஒரு மாதக் கணக்குக்காரர் நம் கடைக்கு வராமல் போனால் போகட்டும்.