விதியும் வைத்தியமும்

மரணம் விதிப்படியே வருமென்றால் வைத்தியம் எதற்கு? 2021 ஏப்ரலில், 49ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், முத்தையா முரளிதரனுக்குச் சென்னையில் இருதய இரத்தக்குழாய் அடைப்பு நீக்கப்பட்டு 'ஸ்டென்ட்' வைக்கப்பட்டது. டெஸ்டில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய உடம்பு அது! வைத்தியரிடம் போனதால் விதி மாறிற்றா, போனதே விதியா?

உடம்பை இறைவன் குடிகொண்ட இடமாகக் கண்டவர் திருமூலர். கோயிற் கூரை ஒழுகினால் "பிள்ளையார் பார்த்துக்கொள்வார்" என்று எவரும் விட்டுவிடுவதில்லை. நெஞ்சுநோவை மட்டும் நம்மவர் "வாய்வு" என்று சொல்லி, சுடுதண்ணீர் குடித்துப் படுத்துவிடுகின்றனர். வீட்டாரை எழுப்பக் கூச்சம்! 1984இல் ஊரை இழந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய கொக்கிளாய் மக்களுக்கா அந்த உயிர் இலேசாயிற்று? 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை. நேர்த்தியை வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தும் வைக்கலாம்.