வேர் ஒன்றே அளவுகோலா?

மஞ்சக்குட்டைப் பக்கம் ஐப்பசி மாதத்தில் மஃரிபுக்கு முன்பே காப்பித் தோட்டங்களின் மேல் பனி இறங்கிவிடும். அந்நாட்களில், நவம்பர் 2-ந் தேதி, சேர்வராயன் மலைக் கத்தோலிக்கக் குடும்பத்தார் கல்லறைகளைத் துப்புரவு செய்து மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். அதற்கு இரண்டு நாள் முன்பாக, அக்டோபர் 31 இரவு, மேல்நாடுகளில் 'ஹாலோவீன்'. சிறுவர்கள் பேய் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பார்கள். இவ்வேடம் இப்போது நம் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றிலும் நுழைந்திருக்கிறது. பிள்ளையை அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்டால், "அதன் வேர் கெல்ட்டியரின் பழைய மதம், ஆகவே கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

பதில் சரிதான். காரணம் போதாது.

கோடை முடிந்து கால்நடைகளை மேய்ச்சல் மலையிலிருந்து இறக்கும் பருவத்தில் அயர்லாந்தின் கெல்ட்டியர் 'ஸாவின்' கொண்டாடினர். அன்றிரவு மறு உலகின் வாசல் திறக்குமென்று பழைய ஐரிஷ் கதைகள் கூறும். அவையோ அந்நாடு கிறிஸ்தவமாகிப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. நவம்பர் 1 புனிதர் நாளானது 9-ம் நூற்றாண்டில். 1000-ஆம் ஆண்டையொட்டி குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ மறுநாளை இறந்தோர் நாளாக்கினார். ஸாவினை மறைக்கத்தான் இவை வந்தன என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் ஒப்புவதில்லை.

வேர் தெளிவாகவே தெரிந்தாலும் என்ன? ஸபா, மர்வா குன்றுகளில் அறியாமைக் காலத்தில் சிலைகள் இருந்ததால், அங்கே ஸஃயு செய்ய ஸஹாபாக்கள் தயங்கினார்கள். அதில் குற்றமில்லை என்று அல்பகராவின் 158-வது வசனம் இறங்கிற்று. 'ஸஃயுவின் மூலம் ஹாஜரா அம்மையாரிடம் அல்லவா இருக்கிறது?' என்பீர்கள். மெய்தான். ஆனால் எவ்வளவு ஆழம் தோண்டி எதை வேரென்று கொள்வது என்பதை அந்த வேரே சொல்லாது. வேறோர் அளவுகோல் வேண்டும். ஜும்ஆ நாளை நாம் வெள்ளி என்கிறோம். அது ஒரு கிரகத்தின் பெயர், யாரும் பதறுவதில்லை. அதே வேளையில், மதீனாவாசிகள் விளையாடிக் களித்த இரு நாட்களுக்குப் பகரமாக நபி (ஸல்) அவர்கள் இரு பெருநாட்களை அறிவித்தார்கள்.

ஆகவே, இன்று அச்செயல் என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டும். பேய் வேடம், இறந்தவர் அலைந்து திரிவதாகவும் மவுத் ஒரு வேடிக்கை என்றும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நாமோ அவர்கள் பர்ஸகில் இருப்பதாக ஈமான் கொண்டவர்கள். மறுமை நினைவு வரவேண்டியே கப்ரு ஜியாரத் அனுமதிக்கப்பட்டது. பிள்ளையிடம் சொல்ல வேண்டிய காரணம் இது, கெல்ட்டியர் அல்ல.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் அது நம் வீட்டுக்குள்ளும் வரும். பராஅத் இரவில் ரூஹுகள் வீடு தேடி வந்து வாசலில் நிற்கும் என்று ரொட்டி சுடும் வீடுகள் நம்மிலும் உண்டு. அங்கே எந்தக் கெல்ட்டியரும் கால் வைத்ததில்லை. நம்பிக்கை மட்டும் அதே நம்பிக்கை. அந்த ரொட்டியை ஏழைக்குக் கொடுத்து, அதன் நன்மை மையித்துக்குச் சேரட்டுமென்று துஆ கேட்டால் அது ஸதகா. வாசலில் நிற்கும் ரூஹுக்கென்று எடுத்து வைத்தால் அதன் பெயர் என்ன?