அன்றைக்கு மழை பெய்ததா?

அப்பா முப்பத்தொரு கொப்பிகளை விட்டுப் போனார். பூட்டிய பெட்டிக்குள் அல்ல. குசினியை ஒட்டிய அறையில், எல்லோர் கைக்கும் எட்டுகிற தட்டில், பழைய செக்ரோல் புத்தகங்களோடு அவையும் கிடந்தன. தெல்தெனியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அதனால் அவையும் கணக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். கருமாதி முடிந்த மறுநாள் தட்டைத் துடைக்கப் போய் ஒன்றைத் திறந்தேன். மழை எத்தனை அங்குலம், கொழுந்து எத்தனை கிலோ, பேர் எத்தனை. அதற்குக் கீழே வேறு மையில் இரண்டு வரி, சில நாளில் மூன்று வரி. அவை கணக்கு இல்லை.

மூடி வைத்துவிட்டேன். ஒன்றரை வருடமாகிறது. வாசிக்கலாமா கூடாதா என்ற கேள்வியோடு திகனையில் இருந்துகொண்டு, மற்றவர்களின் கொப்பிகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே ஏறினால் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். பழைய தெல்தெனியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 1985இல் அணை திறந்தபோது அப்பாவுக்குத் தெரிந்த கடைத்தெரு முழுவதும் போனது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், தெற்கே மலைகளுக்குள், ஹங்குராங்கெத்த. 1664இல் நிலம்பையில் கிளர்ச்சி வெடித்தபோது தப்பி ஓடிய இரண்டாம் இராஜசிங்கன் பிறகு அங்கேதான் அரண்மனை வைத்திருந்தான். அவனுக்கு ஒரு விசித்திரமான ஆசை. கையில் சிக்கிய வெள்ளைக்காரர்களைக் கொல்லாமல், கூண்டிலும் அடைக்காமல், ஊர் ஊராகப் பிரித்துக் குடியிருத்தி வைத்தான். கிராமத்தார் சோறு போட வேண்டும். அவர்கள் ஓடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அப்படிச் சிக்கியவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற கப்பலைப் பழுதுபார்க்கத் தந்தையோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர், 1660 ஏப்ரலில் பிடிபட்டார். வயது பத்தொன்பது. அதன்பின் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்திலேயே கழிந்தது. அவருடைய நூல் 1681இல் இலண்டனில் அச்சாகியது. நாங்கள் பள்ளியில் அதைச் ‘சரித்திரம்’ என்று படித்தோம்: அரசன், சாதி, நெல், யானை. பரீட்சைக்கு அது போதும். எனக்கு இப்போது வேண்டியிருந்தது வேறொன்று.

தந்தையும் மகனும் முதலில் இருத்தப்பட்ட ஊர் பண்டார கொஸ்வத்தை. இருவருக்கும் காய்ச்சல். 1661 பெப்ரவரி 9ஆம் திகதி தந்தை இறந்தார். பிணத்தை அடக்கம் செய்ய மகன் ஊராரிடம் உதவி கேட்டபோது, மாட்டைக் கட்டுகிற கயிறு ஒன்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். அவர் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையைச் சுமந்து புதைத்தார். நூல் முழுக்க நெல்லையும் யானையையும் பற்றிப் பேசுகிறவர், இந்த இடத்தில் மட்டும் மகனாகிவிடுகிறார். நான் அந்தப் பக்கத்தை முதல் தடவை வாசித்தது அப்பாவின் எட்டுக்கும் கருமாதிக்கும் நடுவில். சந்தனம், பன்னீர், பறை, தேர்ப்பாடை எல்லாம் எங்களுக்கு இருந்தன. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு நொக்ஸ் கண்டிக்குத் தென்மேற்கே எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கினார். விலை 25 லாரி வெள்ளி. தொப்பி பின்னி விற்றார், கோழியும் பன்றியும் வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். நம் கணக்கப்பிள்ளைமார் பார்த்தால் மெச்சுவார்கள். கூட இருந்த மூவரோடு ஓர் ஒப்பந்தம்: கலியாணம் செய்கிறவன் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். இரண்டு பேர் போனார்கள். மிஞ்சியவர்கள் நொக்ஸும் ஸ்டீவன் ரட்லண்ட் என்பவரும். இவர்கள் இரண்டு பேரும்தான் வியாபாரிகள்போல வடக்கே போய், அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையோடு நடந்து, 1679 அக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு சிறுமியும் இருந்தாள். சக கைதியான ஓர் ஆங்கிலேயனுக்கும் சிங்களப் பெண்ணுக்கும் பிறந்தவள், பெயர் லூசியா. நொக்ஸ் அவளைத் தன் பிள்ளையாக வளர்த்தார். ஓடிப் போன பிறகு, வீடும் நிலமும் அவளுக்கே சேர வேண்டும் என்று பின்தங்கிய தோழர்களுக்கு எழுதி அனுப்பினார். கடைசிவரை கலியாணம் செய்யவில்லை, 1720இல் இறந்தார். அச்சான நூலின் பிரதி ஒன்றில் இடையிடையே வெற்றுத் தாள் வைத்துக் கட்டி, முதுமை வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிவைத்தது 1911இல்தான் அச்சேறியது.

இதில் லூசியா என்ன சொன்னாள்? ஒன்றுமில்லை. வளர்த்தவர் ஒருநாள் தொப்பி மூட்டையோடு வடக்கே போனவர் திரும்பவில்லை என்பதை அவள் எப்போது அறிந்தாள், அழுதாளா, ஏசினாளா? எலதெத்தவில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது; ஒரு கொப்பி இருக்கவில்லை. அவளை நமக்குத் தெரிவது நொக்ஸின் பேனை வழியாக மட்டும்தான். அந்தப் பேனை எவ்வளவு நேர்மையானது என்பதற்கு ஒரு சேதி: பத்தொன்பது வருடம் அடைபட்டுக் கிடந்த இதே மனிதர், ஊர் திரும்பிய சில வருடங்களில் கிழக்கிந்தியக் கம்பனிக்காக மடகாஸ்கருக்குக் கப்பல் கொண்டுபோனார். சென் ஹெலனாத் தீவுக்கு அடிமைகள் வாங்க.

நொக்ஸ் கொட்டியாரத்தில் பிடிபட்ட அதே 1660ஆம் ஆண்டில், ஜனவரி முதலாம் திகதி, இலண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற ஓர் இளம் எழுதுவினைஞர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தார். அந்தச் செப்டெம்பரில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்பை தேநீர் குடித்ததையும் எழுதிவைத்தார். அது சீனத்துப் பானமாம். எங்கள் ஆட்களைக் கப்பலேற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்த அந்த இலை, அவருக்கு அன்றைக்கு ஒரு புதினம்.

பீப்ஸ் எழுதியது சுருக்கெழுத்தில். 1669 மே 31ஆம் திகதி, கண் போய்விடும் என்று பயந்து நிறுத்தினார். ஒன்பதரை வருடம், பத்து இலட்சத்துக்கு மேல் சொற்கள், ஆறு தொகுதிகள். கொள்ளைநோய், 1666ஆம் ஆண்டுப் பெருந்தீ, அந்தத் தீயில் தோட்டத்தில் குழிதோண்டி அவர் புதைத்துவைத்த இத்தாலியப் பாற்கட்டி, வேலைக்காரப் பெண்கள்மேல் கைவைத்தது எல்லாம் அதில் உண்டு. வெட்கக்கேடான இடங்களுக்கு மட்டும் ஸ்பானியமும் பிரெஞ்சும் கலந்த ஒரு திருட்டு மொழி. எரிக்கவில்லை. தோலட்டை போட்டுக் கட்டி, தன் மூவாயிரம் புத்தகங்களோடு கேம்பிரிட்ஜில் தான் படித்த மக்டலீன் கல்லூரிக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. பிறகு ஜோன் ஸ்மித் என்ற ஏழை மாணவர் ஒருவர் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை விடுவித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் கைநூல் அதே நூலகத்தின் அலுமாரியிலேயே இருந்தது. பூட்டும் திறப்பும் பக்கத்தில் பக்கத்தில்.

இதை வாசித்ததும் எனக்கு நிம்மதி. வாசிக்க வேண்டாம் என்றால் அப்பா அடுப்பில் போட்டிருப்பார். தட்டில் வைத்துப் போனதே அனுமதி என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதற்குச் சாட்சியும் இருந்தது. 2018 மார்ச்சில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகனைக் கடைத்தெரு எரிந்தபோது, புகை எங்கள் முற்றம் வரை வந்தது. பக்கத்து முஸ்லிம் வீட்டுக்காரர்கள் காணி உறுதியையும் பாஸ்போட்டையும் எங்களிடம் தந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறினார்கள். அந்த இரவு அப்பா தன் கொப்பிகளை ஓர் உரச்சாக்கில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு, எண்பத்துமூன்று கலவரங்களைப் பார்த்தவர் அல்லவா, என்ன எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்தத் தீர்ப்பைக் கெடுத்தது பீப்ஸின் இன்னொரு பக்கம். 1663 ஜனவரி 9. அவர் மனைவி எலிசபெத் ஒரு காகிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். தான் வீட்டுக்குள் எவ்வளவு தனிமையில் கிடக்கிறேன் என்று தன் கையால் எழுதிவைத்தது. பீப்ஸுக்குக் கோபம். எழுதியது உண்மை என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாளே, யார் கையிலாவது பட்டால்? அவள் காகிதங்களைப் பிடுங்கி, தான் அவளுக்கு எழுதிய காதல் கடிதங்களையும் சேர்த்து, அவள் அழ அழக் கிழித்துப் போட்டார். கிழித்ததைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எலிசபெத் 1669இல், இருபத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்தாள். அவள் எழுதிய அந்தத் தாளில் ஒரு சொல்லும் இன்று இல்லை.

உலகம் அவரை நேர்மையான நாட்குறிப்பாளர் என்று கொண்டாடுகிறது. தன்னைப் பற்றி நேர்மையானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு கொப்பி இருந்து, ஒன்று மற்றதைக் கிழித்துவிட்டு உயிர்பிழைத்தது. அதற்குப் பெயர் நேர்மையா?

ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் இருந்து தமிழில் எழுதியவர், நம்முடைய பீப்ஸ் என்று பேர் வாங்கியவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர் துரையின் மனைவியைப் பற்றி எழுதிய ஏச்சுகளை வாசித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த அம்மாவும் ஒரு கொப்பி வைத்திருந்தால் நான் எந்தப் பக்கம் சிரித்திருப்பேனோ.

நொக்ஸின் நண்பர் ரொபர்ட் ஹூக் கதை இன்னும் சுவாரசியம். விஞ்ஞானி. நொக்ஸின் நூலுக்கு முன்னுரை தந்தவர். காட்டில் கெட்ட தண்ணீர் குடித்தும் சாகாமல் இருக்க, கஞ்சா இலைத்தூளைக் கருப்பட்டியோடு தின்றதாக நொக்ஸ் சொன்னதைக் கேட்டு, 1689இல் அந்த இலையைப் பற்றி ரோயல் சொசைட்டியில் பேசவே பேசினார். அவரும் நாட்குறிப்பாளர்தான். 1672இல் வெறும் காற்றழுத்தமும் மழையும் குறிக்கத் தொடங்கியது, பிறகு மெல்ல மெல்ல உடம்பு, மருந்து, காப்பிக்கடை என்று வளர்ந்தது. பெண்களோடு இருந்த நாட்களுக்கு ஒரு மீன ராசிக் குறி. வானிலைக்குக் கீழே மனிதன். அப்பாவின் கொப்பியும் அதே மாதிரித்தான் என்று தெரிந்தபோது, வாசிக்கும் ஆசை மறுபடி கிளம்பியது.

ஆனால் இந்த முறை தட்டிடம் போகவில்லை. அம்மாவிடம் போனேன். எண்பதை நெருங்குகிறார், எழுத்து தெரியாது. கொழுந்தெடுத்த கை இப்போது வெற்றிலை இடிக்கிறது. “அப்பாவோட கொப்பிய வாசிக்கட்டாம்மா?” என்றேன்.

கொஞ்ச நேரம் இடித்தார். “எழுதுனவரு போயிட்டாரு. எழுதப்பட்டவ நான் இருக்கேன்ல, என்னையக் கேட்டது சரி” என்றார். பிறகு: “எல்லாம் வேணாம். எழுபத்திநாலு, பொரட்டாசி. நம்ம மூத்தவ போன அன்னைக்கு என்ன எழுதியிருக்காருன்னு மட்டும் பாரு.”

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே அப்போதுதான் தெரியும். எழுபத்துநான்கு பஞ்ச வருடம். லயத்தில் கோதுமை மாவுக்கும் வழியில்லாத காலம். மூன்று மாதக் குழந்தை.

கொப்பியைத் தேடி எடுத்தேன். அம்மா நாள் சொன்னார், நான் விரலை வைத்துப் போனேன். அந்தத் திகதிக்கு எதிரே: மழை 1.10 அங்குலம். கொழுந்து, பேர் இரண்டும் வெறுமை. கீழே ஒரே வரி. ‘வேலைக்குப் போகவில்லை.’

வாசித்துச் சொன்னேன். காய்ச்சலோடும் பிரட்டுக்குப் போன மனிதர் எழுதிய வரி அது. எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவுக்கு அடைக்கவில்லை. “மழயா?” என்றார். “அன்னைக்கு ஏதுப்பா மழ? வெயிலு மண்டையப் பொளந்துச்சு. கங்காணி வீட்டு முத்தத்துல மொளகா காஞ்சிக்கிட்டு கெடந்துச்சு. அத மிதிச்சிக்கிட்டுத்தான் புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க. மொளகா நெடி இன்னும் இருக்கு. ஒங்கப்பா பொய் எழுதியிருக்காரு.”

தோட்டத்து மழைமானியைக் காலையில்தான் வாசிப்பார்கள். காலையில் எழுதுகிற அளவு, அதற்கு முந்திய இருபத்துநாலு மணிநேரத்து மழை. முந்திய நாள் மாலை பெய்து, விடிந்து வெயில் எறித்திருக்கலாம். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் அப்பாவின் வரிக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘அம்மா சொன்னது: அன்றைக்கு வெயில். மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.’ மற்ற முப்பது கொப்பிகளும் தட்டில் இருக்கின்றன. அம்மா நாள் சொல்லும்போது எடுக்கிறேன். இதுவரை நான்கு நாள் சொல்லியிருக்கிறார்.