படியைக் குறைச்சவனுக்கு சாமி அருள் கிடைக்குமா?

இன்னைக்கு ஒரு கேள்வி நண்பர்களே.

கடையில எடையைக் குறைச்சு விக்கிற ஒருத்தர் வாரா வாரம் கோயிலுக்குப் போறார், கண்ணீர் விட்டுக் கும்பிடறார். அந்தக் கண்ணீர் பொய்னு நாம சொல்லிட முடியாது. அப்போ சாமி எதைக் கணக்குல எடுத்துக்கும்?

இதை 4,000 வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சவங்க இருக்காங்க. இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த சுமேரியாவில், லகாஷ் என்ற நகர அரசில், நான்ஷே என்ற பெண் தெய்வத்தை வணங்கினார்கள். என்கி என்ற நீர்த் தெய்வத்தின் மகள் அவள். கனவுக்குப் பலன் சொல்பவள். கி.மு. 2100 வாக்கில் லகாஷை ஆண்ட குடேயா, தான் கண்ட கனவுக்கு அர்த்தம் தெரியாமல் அவளிடம்தான் போய் நின்றான்.

அவளைப் பற்றிய துதிப்பாடல் ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அதில் அவள் அநாதைக்குத் தாய், கணவனை இழந்தவளுக்குத் துணை, கடனில் அடிமையானவனுக்கு வழி காட்டுபவள். புத்தாண்டு நாளில் அவள் முன்னால் கணக்கு பார்க்கப்படும். யார் பெரிய படிக்குப் பதில் சின்னப் படியால் அளந்தது? யார் அடுத்தவர் பொருளைத் தின்றுவிட்டு மறைத்தது? கோயிலில் வேலை செய்தவர்களுக்கும் விலக்கு கிடையாது.

சிலர் சொல்வாங்க, "கோயிலுக்குத் தானியம் சரியா வந்து சேரணுமே, அதுக்கான பயமுறுத்தல்தான் இது"ன்னு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா அநாதையைக் காப்பாத்தி கோயிலுக்கு என்ன லாபம்?

இன்னொன்னும் இருக்கு. கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் லகாஷை ஆண்ட உருககினா, அநாதையையும் கணவனை இழந்தவளையும் பலம் உள்ளவன் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்று நிங்கிர்சு என்ற தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்தான். அதற்கு முன் கோயில் மாடுகளை வைத்தே ஆட்சியாளரின் தோட்டத்தை உழுதார்கள் என்று அவன் கல்வெட்டு சொல்கிறது. சாமி பக்கத்துலயே இருந்தவங்களும் தப்பு பண்ணியிருக்காங்க!

நான்ஷேயை நம்ம முருகனோட முடிச்சுப் போட நான் வரல. அவ அந்த மண்ணோட தாய். ஆனா அந்த மக்கள் புரிஞ்சுக்கிட்ட ஒரு விஷயம் என்னைத் தூங்க விடல. ஏமாத்தினவன் அழுதுட்டு நிக்கிற அதே சந்நிதியில, ஏமாந்தவளும் நிக்கிறா. ரெண்டு பேருமே அந்தத் தாய்க்குப் பிள்ளைதான். அவன் கண்ணீரை அவ தள்ள மாட்டா. ஆனா அந்தக் கண்ணீரால இவளோட நஷ்டம் தீராது. குறைச்சதைத் திருப்பிக் கொடுத்தாதான் தீரும்.

அடுத்த தடவை முருகன் முன்னால கை கூப்பும்போது, "எனக்கு இதைக் கொடு"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்போம்: நான் யாருக்குப் படியைக் குறைச்சேன்?

வேலும் மயிலும் துணை.