காரை விற்றதோடு பொறுப்பு முடிந்துவிடுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பழைய காரை விற்கிறோம். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறோம். பத்து நாள் கழித்து வாங்கியவர் போன் செய்கிறார்: "பாய், கியர் பாக்ஸ் போயிடுச்சு. முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?" நாம் என்ன சொல்கிறோம்? "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க? எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லைன்னு சொல்லித்தானே கொடுத்தேன்!" இந்தப் பதில் அல்லாஹ்விடம் எடுபடுமா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் ஒரு வழக்கைப் பதிவு செய்துள்ளார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். சொல்லாத நோய் ஒன்று இருப்பதாக வாங்கியவர் முறையிட்டார். வழக்கு உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. விற்கும்போது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது 1500 திர்ஹத்துக்கு விலைபோனது. சத்தியத்தைத் தவிர்த்தவருக்கு நஷ்டம் வரவில்லை, சகோதரர்களே!

அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடில்லை. மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள் (முஸ்லிம்). வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்பதும், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும் அந்த நனைந்த தானியம்தான்.

அப்படியானால், தகராறு வந்தால் என்ன செய்வது?

முதலில், குறை நமக்குத் தெரிந்திருந்தால் காரைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். இருவரும் பொருந்திக்கொண்டால் பழுதுக்கான தொகையைக் கொடுத்தும் முடிக்கலாம்.

இரண்டாவது, வாங்கியவருக்கும் அல்லாஹ்வின் அச்சம் வேண்டும். தன் கையில் கெட்டதைப் பழைய குறை என்று சொல்வதும் மோசடியே. ஆனால் கைசேதப்பட்டு, வியாபாரத்தை ரத்து செய்யக் கேட்பவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸ் நற்செய்தி கூறுகிறது (அபூதாவூத்).

மூன்றாவது, எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் குர்ஆன் 2:282 கட்டளையிடுகிறது. தெரிந்த பழுதுகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி. பெயரை மாற்றுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால், இழப்பீட்டு வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

உண்மை பேசிக் குறையைச் சொன்னால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு; மறைத்தால் அது அழிக்கப்படும். ஐயாயிரம், பத்தாயிரம் கூடக் கிடைக்கலாம். பரக்கத் போன பணம் வீட்டில் தங்குமா?

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரங்களில் உண்மையையும், பிணக்குகளில் நீதியையும், வாழ்வில் ஹலாலான ரிஸ்க்கையும் தருவாயாக! ஆமீன்.