புண்ணியமும் வரிக்கழிவும்

நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டு அதற்குச் சலுகையும் கேட்டு வாங்கினால், அது நல்ல காரியமாகவே நிற்குமா? தாமிரபரணிக் கரைக்கு இது பழைய கேள்வி. அந்த ஆறு பிறக்கும் பொதியில் மலைப் பகுதியை ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடும்போது, அவனுடைய கொடையில் அவர் கண்ட பெருமையே இதுதான்: இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வியாபாரி அவன் இல்லை, சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுத்தான். அந்த அளவுகோலோடு திருநெல்வேலியின் இன்றைய தச்சநல்லூருக்கு வருவோம். வங்கிக் கடனில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிய ஒருவர், வருமான வரி ரிட்டர்ன் போடும்போது அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டுகிறார். புகை விடாத வண்டி ஓட்டுகிறோம் என்ற நிறைவும் வேண்டும், வரியும் குறைய வேண்டும். ஆய் வைத்த சோதனையில் அவர் தேறமாட்டார் என்றே முதலில் தோன்றும். அவர் தேறுகிறார் என்பதும், அவரை உண்மையில் சோதிக்க வேண்டிய இடம் வேறு என்பதும் என் கருத்து.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 2019 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்துக்குள் 80இஇபி என்ற பிரிவு வந்தது. மின்வாகனம் வாங்க வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திலோ தனிநபர் வாங்கும் கடனுக்கு, ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். கடன் 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் இடையில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே இது உண்டு. ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும், தமிழ்நாடு அரசு சாலை வரியை விலக்கியதும் நாம் கேட்காமலே கிடைத்தவை. வாங்குபவர் தானே எழுதிக் கேட்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். இதன் உள்ளமைப்பைக் கவனியுங்கள். சேமிப்பிலிருந்து முழுப் பணத்தையும் கொடுத்து அதே ஸ்கூட்டரை வாங்கியவருக்கு ஒரு பைசா கழிவு கிடையாது. 2023 ஏப்ரல் முதல் தேதி கடன் அனுமதி பெற்றவருக்கும் கிடையாது. வரி விதிப்புக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வரியே இல்லை என்பதால் இந்தக் கழிவால் ஆகப்போவது எதுவும் இல்லை. ஸ்கூட்டர் கடனுக்கு ஆண்டில் 9,000 ரூபாய் வட்டி கட்டும் 20 சதவீத வரம்புக்காரருக்கு மிச்சமாவது 1,800 சொச்சம். 12 லட்ச ரூபாய் கார் கடனுக்கு ஒரு லட்சம் வட்டி கட்டும் 30 சதவீத வரம்புக்காரருக்கோ 31,200. சாலையில் இடத்தையும் மின்சாரத்தையும் அதிகம் எடுத்துக்கொள்வது காராக இருக்க, சலுகையில் பெரும்பங்கும் அதற்கே போகிறது. இது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது: செயலின் நன்மைக்கும் சலுகையின் அளவுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. அரசு கொடுப்பது புண்ணியத்துக்கு விலை இல்லை. புதிய தொழில் ஒன்று காலூன்றச் சில ஆண்டுகள் பிடித்த முட்டு. விலை என்றே ஆகாத ஒன்றைப் பெற்றுக்கொண்டவரை, அறத்தை விற்றவர் என்று எப்படிச் சொல்வது?

சலுகைக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். நிறையப் பேர் இருக்கிறார்கள். 2023 ஜூனில் மத்திய அரசு இருசக்கர மின்வாகன மானியத்தைக் குறைத்தது. மே மாதம் நாடு முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த பதிவு அடுத்த மாதமே பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் 7,500 டாலர் வரை கிடைத்துவந்த வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிகிறது என்றதும் கடைசி மாதத்தில் கூட்டம் அலைமோதியது; அக்டோபரில் விற்பனை விழுந்தது. மனித மனம் இப்படித்தான். இதற்கு ஆய் அண்டிரன் பாட்டைவிடப் பொருத்தமான விடை சைவ மரபில் இருக்கிறது. திருமறைக்காட்டுக் கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி, மூக்குப் பட்டுத் திரியைத் தூண்டிவிட்டது. அணையப்போன விளக்கு சுடர்விட்டது; எலி மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்தது. அப்பர் தேவாரத்திலும் இடம்பெற்ற கதை இது. எலிக்கு இருந்தது பசி, பக்தி இல்லை. ஆனாலும் எரிந்த விளக்கு எரிந்த விளக்குதான். மின்வண்டி எந்த அளவுக்கு விளக்கு என்பது தனிக் கேள்வி: தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரியும், கூடங்குளத்து அணுவும், ஆடிக் காற்றில் சுழலும் கயத்தாற்றுக் காற்றாலையும் ஒரே கம்பி வழியாகத்தான் தச்சநல்லூர் வீட்டுப் பிளக்குக்கு வருகின்றன. என்றாலும் வண்டிப்பேட்டையும் பள்ளிக்கூடமும் நெருங்கிக் கிடக்கும் தெருவில் ஒரு புகைக்குழாய் குறைவது அங்கே மூச்சு விடுகிற பிள்ளைக்கு லாபம். வாங்கியவர் என்ன நினைத்து வாங்கினார் என்று அந்த நுரையீரல் விசாரிப்பதில்லை.

எலிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எலி எதையும் எழுதிக் கையெழுத்திடவில்லை. நாம் எழுதுகிறோம். அறம் சோதிக்கப்படும் இடம் அதுதான். ரிட்டர்ன் போடும் மென்பொருளில் ஒவ்வொரு எண்ணையும் நிரப்ப நிரப்ப, கட்ட வேண்டிய வரியோ திரும்பி வரும் ரீஃபண்டோ கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கும். 80இஇபி கட்டத்தில் வட்டியை 9,000 என்று போட்டால் ஒரு தொகை. 90,000 என்று போட்டால் அதே நொடியில் வேறு தொகை. இந்தப் பிறவியில் செய்ததற்கு அடுத்த பிறவியில் பலன் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சொல்லும் பலனும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. பல ஆண்டுகள் இந்தக் கட்டம் வெறும் எண்ணை மட்டுமே கேட்டது. 2025-இல் கடன் கொடுத்தவர் பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, கடன் தொகை, மீதி நிலுவை, வண்டிப் பதிவெண் எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கியது. காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை, பொய்க் கழிவு கேட்டுக் கொடுத்த இடைத்தரகர்கள்மீது நாடு முழுவதும் நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தபோது, தவறாகப் பயன்படுத்தப்பட்ட பிரிவுகளின் வரிசையில் 80இஇபியும் இருந்தது. கோயில் திருப்பணி நன்கொடைக்கும் கழிவு தரும் 80ஜியும் இருந்தது. வாங்காத வண்டிக்கு வட்டியும், கொடுக்காத கொடைக்குக் கழிவும். கொடுத்ததற்குப் பலன் எதிர்பார்ப்பதையே முடமோசியார் சிறுமை என்று ஒதுக்கினார். கொடுக்காமலே பலன் கேட்பவனை அவர் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், “எல்லாம் ஆடிட்டர் போட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது” என்பது. இப்போது ஆடிட்டரின் இடத்தில் மென்பொருளும் வந்துவிட்டது. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்கள் இந்தச் சாக்கைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றிலும் வினை வந்து ஒட்டும் என்பது அவர்கள் கொள்கை. ரிட்டர்னின் கடைசிப் பக்கம் கேட்பதும் அந்த உடன்பாட்டைத்தான்: என் அறிவுக்கு எட்டியவரை இதெல்லாம் சரி, முழுமை என்று சொல்லி ஓடிபி போடுகிறோம். யார் நிரப்பியிருந்தாலும் அந்த ஓடிபி வருவது நம் போனுக்கு. வழக்கத்தைவிடப் பெரிய ரீஃபண்டைப் பார்த்தும் ஏன் என்று கேட்காதவர் உடன்பட்டவரே. ஆனால் படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் கமிஷன் பேசி, அவர் அறியாமல் பொய்க் கணக்கு எழுதியவன் இருந்தால், முழுப் பழியும் எழுதியவனைத்தான் சேரும். சட்டம் அங்கே இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பெரிய முதலைகள் தப்பிக்கும்போது சின்ன மீனுக்கு மட்டும் என்ன வாய்மை என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பொய்க் கழிவால் குறையும் பணம் முதலைகளின் பணம் இல்லை. தனிநபர் வருமான வரியில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. தச்சநல்லூரை அடுத்த ராமையன்பட்டியில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது போன்ற வேலைகள் நடப்பதும், நடக்காவிட்டால் தாமிரபரணியில் சாக்கடை கலப்பதும் இப்படிப்பட்ட பொதுப் பணத்தைப் பொறுத்தவை. காற்றுக்காக வண்டி வாங்கியவர் ஆற்றின் பங்கில் கைவைக்கலாகாது.

அதே 2025 அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. துறை அனுப்பிய எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களுக்குப் பிறகு நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவைத் திரும்பப் பெற்றார்கள். பயந்து செய்ததுதானே என்று இதை இளக்காரமாகப் பார்க்கத் தேவையில்லை. எலி பசியால் செய்ததை ஏற்றவர்கள் மனிதர் பயத்தால் செய்ததையும் ஏற்கலாம். அந்த வாசல் இப்போது இன்னும் அகலமாகியிருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை புதுப்பித்த (அப்டேட்டட்) ரிட்டர்ன் போடலாம். முதல் 12 மாதத்துக்குள் வந்தால் விட்டுப்போன வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்குமேல் 25 சதவீதம் கூடுதல், பிறகு 50, 60, கடைசி ஆண்டில் 70. துறை கண்டுபிடித்துத் தவறான தகவல் என்று நிரூபித்தால் அபராதம், மறைத்த வரியைப்போல் இரண்டு மடங்கு.