எடுத்து வைத்தலும் விட்டு வைத்தலும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தூத்துக்குடியின் பல தெருக்களைப் போல எங்கள் தெருவிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவான மழை அது. வடிந்தபின் பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்கையில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எட்டு அட்டை பாராசிட்டமால் நனையாமல் கிடைத்தன. காலாவதியாகியிருந்தன. வாங்கியது பத்து. மூன்றே முக்கால் வருஷத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு.

வாங்கிய மாலை நன்றாக ஞாபகமிருக்கிறது. 2020 மார்ச் 23. மறுநாள் மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு என்று அறிவித்துவிட்டார்கள். கடையில் மிச்சமிருந்த பத்து அட்டைகளையும் நான் கேட்டேன், கடைக்காரர் கொடுத்தார். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள். உப்பளத்துக்குப் போகிறவர் என்பது காலைப் பார்த்தாலே தெரிந்தது. "மவளுக்குக் காச்சல் அண்ணாச்சி, நாலு மாத்திரை போதும்" என்றார். "தீந்து போச்சும்மா, நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். பை என் கையில் இருந்தது. நாலு மாத்திரையைக் கிழித்துக் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கொடுக்கவில்லை.

என் செய்கைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் எழுபது வயதில் அம்மா. வங்கிகளை மூடவில்லை, கவுண்டரில் பலபேர் கைபட்ட நோட்டுகளை எண்ணிவிட்டு அதே கைகளோடு நான் வீடு திரும்பவேண்டும். தன்னை நம்பியிருக்கும் ஒருவருக்காக முன்யோசனையோடு இருப்பதைச் சுயநலம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. முன்யோசனையின்றி இருந்துவிட்டு, அகாலத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதும் பிறர்மேல் சுமை ஏற்றுவதுதான்.

இந்தக் கட்சிக்கு இலக்கியத்தில் நல்ல வக்கீல் ஒருவர் உண்டு. டானியல் டீஃபோ 1722ல் வெளியிட்ட, 1665ஆம் வருஷத்து லண்டன் பிளேக்கைப் பற்றிய நூலில் கதை சொல்பவன் ஒரு சேண வியாபாரி. இரண்டு மூட்டை மாவு வாங்கி வீட்டிலேயே ரொட்டி சுடுகிறான், பீர் காய்ச்சிக்கொள்கிறான், உப்பிட்ட வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக்கொள்கிறான். தன் வயிறு மட்டும் காரணமல்ல. சாமான் வாங்க ஜனங்கள் வெளியே போகவேண்டியிருந்ததே நகரத்துக்கு நாசமாயிற்று என்பது அவன் கணிப்பு. சந்தைக்குப் போகாதவன் நோயை வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஆகவே சேர்த்து வைப்பது பொதுநன்மை. ஆனால் ஏழைகளால் சேர்த்து வைக்க முடியவில்லை என்பதையும் டீஃபோ மறைப்பதில்லை. அந்த இடத்தில் வாதம் விரிசல் காண்கிறது.

எல்லோரும் இதையே செய்தால் என்னவாகும் என்று கேட்கச் சொன்னார் காண்ட். இந்த விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எப்போது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. சாதாரண நாட்களில் வீட்டுக்கு இரண்டு அட்டை என்று எல்லோரும் வாங்கி வைத்தால் ஒன்றும் நேராது. கடைக்கு மறுபடி சரக்கு வரும். எல்லோரும் ஒரே மாலையில் பத்து அட்டை கேட்டால், இல்லாத பஞ்சம் அந்த மாலையிலேயே உண்டாகிவிடுகிறது. பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நிற்கிறது. கடையும் அப்படித்தான். உப்பளத்தில் கூலிவேலை, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. கெடாத பொருளை மலைமலையாகக் குவிக்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டில் குவித்துவைக்க வழியில்லை. அன்றன்றைக்கு வாங்குகிறவர்களுக்குக் கடை அலமாரிதான் பீரோ. அன்று நான் காலி செய்தது அந்த அம்மாளின் பீரோவை.

சேமிப்பில் இன்னொரு விதமும் இந்தக் கரைக்குத் தெரியும். முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளைப் பார் என்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்த்து, போதிய வளர்ச்சி இருந்தால்தான் சலாபம் அறிவிப்பார்கள். இல்லையென்றால் வருஷக்கணக்கில் காத்திருப்பு. கடைசியாக இங்கே முத்துக் குளித்தது 1961ல். அந்தக் காத்திருப்பைத் தர்மம் என்று கொண்டாட வேண்டாம். அரசாங்கத்தின் வருமானக் கணக்கு அது. விட்டு வைத்ததெல்லாம் கைக்கு வந்ததுமில்லை. திருக்கை தின்றும் மணல் மூடியும் பார்கள் அழிந்ததுண்டு. இருந்தாலும், ஒருவன் எடுத்து வைப்பதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்து விட்டு வைப்பதும் நாளைக்கான சேமிப்பே என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பதிலும் அதுவே இருக்கிறது.

எடுத்து வைப்பதற்கு உரிய காலம் பயம் வருவதற்கு முந்தியது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பயம் வந்தபின் எடுக்கிற ஒவ்வொன்றும் இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. அப்போது மிஞ்சுவது விட்டு வைத்தல் ஒன்றுதான். ஆனால் மற்றவர்களும் விட்டு வைப்பார்கள் என்று நம்பினால்தானே நான் விட்டு வைப்பேன்? பாருக்கும் படகுக்கும் உத்தரவு இருந்தது. கடைக்காரர் 'ஆளுக்கு ரெண்டு' என்று சொல்லியிருந்தால் நான் முணுமுணுக்காமல் வாங்கிப் போயிருப்பேன். அவர் சொல்லவில்லை என்பதைக் கொஞ்ச காலம் என் சமாதானமாக வைத்திருந்தேன். என் நியாயத்தை இன்னொருவர் உத்தரவு போட்டுத்தான் எனக்குத் தரவேண்டும் என்றால் அது என்னுடையது அல்ல.

இப்போது பீரோவில் இரண்டு அட்டை வைத்திருக்கிறோம். ஒன்று தீர்ந்தால் ஒன்று வாங்குகிறோம். இது ஒழுங்கு, பரிகாரம் அல்ல. அன்று பத்து அட்டையும் என் கையில் வந்தபின்கூட நாலு மாத்திரையைக் கிழித்துக் கொடுக்க வழி இருந்தது. அதற்கு யோசித்துத் தீர்க்கவேண்டிய பிரச்னை எதுவும் இல்லை, திரும்பிப் பார்த்திருந்தால் போதும். இவ்வளவு யோசித்த பிறகும், அடுத்த முறை திரும்பிப் பார்ப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.